தீ அணைந்த பிறகு கவிழ்ந்த கப்பல்: நார்மாண்டி, நியூயார்க், 1942

நார்மாண்டி என்றதும் கப்பல் பிரியர்கள் பெரும்பாலும் “தீப்பிடித்து அழிந்த கப்பல்” என்றுதான் சொல்வார்கள். நேரத்தை எழுதிப் பார்த்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது. 1942 பிப்ரவரி 9, திங்கட்கிழமை மதியம் சுமார் 2:30 மணிக்குத் தீப்பிடித்தது. மாலை 6 மணிக்குள் கட்டுக்குள் வந்துவிட்டது. கப்பல் முழுசாகச் சாய்ந்து படுத்தது மறுநாள் அதிகாலை 2:45-க்கு. நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அதுவும் நடுக்கடலில் நடக்கவில்லை. நியூயார்க் நகரத்தின் மேற்குக் கரையில், ஹட்சன் ஆற்றில், 48-ஆவது தெருவின் முனையில் உள்ள பியர் 88 என்ற கப்பல் துறையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த கப்பல் அது. தெருவில் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த ஒன்பது மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். அதற்கு முன்னால் கப்பலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிப்பட்ட கப்பல்

பிரான்சின் அட்லாண்டிக் பயணிகள் கப்பல் வரலாறு பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் வரலாறு. 1855-இல் பெரேர் சகோதரர்கள் தொடங்கி, 1861-இல் கொம்பஞ்ஞி ஜெனரால் திரான்சத்லாந்திக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். அமெரிக்கர்கள் வாய்க்கு வசதியாக ‘பிரெஞ்சு லைன்’ என்றார்கள். 1864-இல் வாஷிங்டன் என்ற கப்பல் லு ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குப் போனதிலிருந்து அந்தத் தடம் ஆரம்பம். பிறகு வந்த கப்பல்கள்: 1912-இல் நான்கு புகைபோக்கிகளோடு ‘பிரான்ஸ்’, 1921-இல் ‘பாரிஸ்’, 1927-இல் ‘ஈல் து பிரான்ஸ்’. வேகத்திலும் அளவிலும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் முந்திக்கொள்ள, பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டிலும் அலங்காரத்திலும் பேர் வாங்கினார்கள்.

இந்த நான்கிலும் ஒரே சமயத்தில் முதலிடம் பிடிக்க நினைத்துக் கட்டியதுதான் நார்மாண்டி. 1931 ஜனவரியில் செயின்ட் நசேரில் உள்ள பெனோயே கட்டுமானத் தளத்தில் வேலை தொடங்கியது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். அரசாங்கப் பணம் இல்லாமல் இந்தக் கப்பல் தண்ணீரைப் பார்த்திருக்காது. 1932 அக்டோபர் 29 அன்று கப்பலை நீரில் இறக்கியபோது எழுந்த அலை, கரையோரம் நின்ற சுமார் நூறு பேரை லுவார் ஆற்றுக்குள் இழுத்துப் போட்டது. நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை.

வடிவமைத்தவர் விளாதிமிர் யூர்கேவிச். ஜார் காலத்து ரஷ்யக் கடற்படைக்குப் போர்க்கப்பல் வரைந்தவர். புரட்சிக்குப் பிறகு பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்து, ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் போட்ட அடிப்பகுதி வடிவம் தண்ணீரை அவ்வளவு சுளுவாகக் கிழித்தது. போட்டிக் கப்பலான குயின் மேரி ஏறக்குறைய அதே வேகத்துக்கு இன்னும் அதிகக் குதிரைத்திறன் செலவழிக்க வேண்டியிருந்தது. நார்மாண்டியின் நீராவி டர்பைன்கள் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் நான்கு புரொப்பல்லர்களைச் சுற்றும். மொத்தம் 1,60,000 குதிரைத்திறன். நீளம் 313 மீட்டருக்கும் மேல். 1935 மே 29 அன்று கிளம்பிய முதல் பயணத்திலேயே, சராசரியாக 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகத்தை ஒட்டி ஓடி, அட்லாண்டிக் வேகப் பட்டத்தை வாங்கிவிட்டது.

உள்ளே போனால் இன்னும் பிரமிப்பு. வழக்கமாகக் கப்பலின் நடுவில் புகைக்குழாய் மேலே ஏறும். அது பெரிய கூடங்களை வெட்டிப் போடும். இங்கே குழாயை இரண்டாகப் பிரித்து இரு ஓரங்களிலும் ஏற்றியதால், நடுவில் தடையே இல்லாமல் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நேராகப் பார்க்கலாம். முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் மட்டும் 93 மீட்டர் நீளம், ஒரே நேரத்தில் 700 பேர் உட்காரலாம். அதில் லாலிக் நிறுவனத்தின் கண்ணாடி விளக்குத் தூண்கள். மூன்று புகைபோக்கிகளில் மூன்றாவது சும்மா தோற்றத்துக்கு. பயணிகளின் நாய்களுக்கு அங்கேதான் கூண்டு. இந்தத் தகவலுக்கு ஆய்வில் ஒரு வேலையும் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வுக்குத் தேவையான தகவல் வேறு. நார்மாண்டி கட்டப்பட்ட காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. 1932 மே மாதம், கிழக்காசியாவிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஜோர்ஜ் ஃபிலிப்பார் என்ற புத்தம்புதுக் கப்பல் ஏடன் வளைகுடாவில் எரிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1933 ஜனவரியில் லத்லாந்திக் எரிந்தது. இவை வேறு நிறுவனங்களின் கப்பல்கள்தான். ஆனால் பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால் நார்மாண்டியில் தீத்தடுப்புச் சுவர்கள், வெப்பத்தை உணர்ந்து மணியடிக்கும் கருவிகள், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் தீயணைப்பு அறை, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் என்று அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஏற்பாடு இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கைமாறிய கப்பல்

1939 ஆகஸ்ட் 28 அன்று நார்மாண்டி நியூயார்க் வந்து சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் ஐரோப்பாவில் போர். திரும்பிப் போனால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருக்கும். அதனால் அங்கேயே நின்றது. பிரான்ஸ் வீழ்ந்த பிறகு கப்பலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குறைந்த எண்ணிக்கையில் பிரெஞ்சு மாலுமிகள் உள்ளேயே தங்கி, இயந்திரங்களையும் தீயணைப்பு அமைப்பையும் நல்ல நிலையில் வைத்திருந்தார்கள். 1941 மே மாதம் சுமார் 150 அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் காவலுக்கு ஏறினார்கள்.

டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்குதல். ஐந்தாவது நாள், டிசம்பர் 12 அன்று, அமெரிக்கா கப்பலைக் கையகப்படுத்தியது. கேப்டன் லெயுவெதேயும் அவருடைய ஆட்களும் இறக்கிவிடப்பட்டார்கள். கப்பலின் ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே. பெயர்ப்பலகை எல்லாம் பிரெஞ்சில். அளவெல்லாம் மெட்ரிக். என்னைக் கேட்டால் விபத்து அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கப்பலுக்கு லஃபயெட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதியின் பெயர். மரியாதையான பெயர்தான். ஆனால் இதே பிரெஞ்சு லைனுக்கு ஏற்கெனவே லஃபயெட் என்ற கப்பல் ஒன்று இருந்தது. 1938 மே மாதம் லு ஆவ்ர் டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டியில், எரிந்து போனது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் வேறு பெயர் பார்த்திருக்கலாம்.

ஆயிரக்கணக்கான படைவீரர்களை ஏற்றும் துருப்புக் கப்பலாக இதை மாற்றும் வேலை ராபின்ஸ் டிரை டாக் என்ற நிறுவனத்துக்குப் போனது. அதற்கும் கீழே துணை ஒப்பந்தக்காரர்கள். முதலில் ஜனவரி 31 கெடு. அப்புறம் பிப்ரவரி 14. கப்பலுக்கு நியமிக்கப்பட்டிருந்த கேப்டன் ராபர்ட் கோமன் வேலையின் நிலையைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 6 அன்று இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். மேல்கட்டுமானத்தில் கொஞ்சத்தை வெட்டி எடுத்துக் கப்பலின் உச்சிப்பாரத்தைக் குறைக்கலாமா என்று ஒரு யோசனையும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. 7-ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து பதில் வந்தது: வெட்டுவது கிடையாது, 14-ஆம் தேதி கிளம்ப வேண்டும். வேலை மறுபடி தலைதெறிக்க ஓடியது. இதைப் பேசித் தீர்க்க 9-ஆம் தேதி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் கூட்டங்கள் ஏற்பாடாகியிருந்தன. அவை நடக்கவே இல்லை.

மதியம் 2:30

முதல் வகுப்புப் பெரிய கூடத்தில் கண்ணாடி விளக்குகளைத் தாங்கிய நான்கு இரும்புத் தூண்களை கேஸ் கட்டிங் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான லைஃப் ஜாக்கெட்டுகள் சாக்குக் கட்டுகளாக அடுக்கிக் கிடந்தன. உள்ளே அடைத்திருந்தது கபோக். நம் ஊர்ப் பேச்சில் இலவம்பஞ்சு.

தலையணை தைக்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கடைக்குள் பீடி பற்றவைக்க விடமாட்டார். இலவம்பஞ்சு இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த குழாய். மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு. தண்ணீர் உறிஞ்சாமல் மிதப்பது அதனால்தான். லைஃப் ஜாக்கெட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். பொறி விழுந்தால் குபீரென்று பற்றுவதற்குக் காரணமும் அதே காற்று, அதே மெழுகு. உயிர் காக்கக் கொண்டுவந்த பொருளே எரிபொருளாகக் குவிந்து கிடந்தது.

மூன்று தூண் முடிந்து நான்காவதை அறுக்கும்போது பொறி தெறித்துக் கட்டுகளில் விழுந்தது. தீக்காவலுக்கென்று ஆள் இருந்தார்கள். பொறியைத் தடுக்க ஒரு பலகையைப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் என்று இருந்தது ஒன்றிரண்டு வாளி. ஆட்கள் கையாலும் கோட்டாலும் அடித்து அணைக்கப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஹோஸைத் திறந்தால் தண்ணீர் சொட்டியதோடு சரி.

முன்னால் சொன்ன அந்தத் தீயணைப்பு ஏற்பாடு எங்கே போனது? மாற்றும் வேலைக்காக அதைத் துண்டித்து வைத்திருந்தார்கள். உள்பம்புகள் ஓடவில்லை. நகரத் தீயணைப்புத் துறையோடு கப்பலை இணைத்திருந்த அலாரமும் துண்டிப்பில். நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் வந்து சேரவே ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. வந்தவர்கள் ஹோஸைக் கப்பலின் குழாயில் மாட்டப் பார்த்தால், கப்ளிங் பொருந்தவில்லை. ஒன்று பிரெஞ்சு அளவு, ஒன்று அமெரிக்க அளவு. அதை மாற்றும் வேலையும் பட்டியலில் இருந்தது; அதற்குள் முந்திக்கொண்டது தீ.

அன்றைக்கு வடமேற்கிலிருந்து பலமான காற்று. இடப்பக்கப் பின்புறத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளியது. சுவர் முழுக்க வார்னிஷ் அடித்த மரப்பலகை, அதை இன்னும் பிரித்தெடுக்கவில்லை. தடையே இல்லாமல் நீண்ட அந்த அழகான கூடங்கள் காற்றுக்கும் தடையாக இல்லை என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் மேல் தளங்கள் மூன்றும் எரிந்தன. புகை கீழே இறங்க, இயந்திர அறையில் இருந்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. மின்சாரம் போனது. உள்ளே 2,000-க்கும் அதிகமானோர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கப்பல் இருட்டானது. ஏணிகள் வழியாகவும் பலகைகள் வழியாகவும் ஆட்கள் இறங்கினார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், தீக்காவல் வேலையில் இருந்த ஒரு புரூக்ளின்காரர். அவ்வளவு பேர் உள்ளே இருந்தும் ஓர் உயிரிழப்போடு நின்றது பெரிய விஷயம். காயமும் புகை மூட்டமுமாகச் சிகிச்சை பெற்றவர்கள் சில நூறு பேர்.

கேப்டன் கோமன் 3:25 வாக்கில் துறைக்கு வந்தபோது அவர் ஏற்க வேண்டிய கப்பல் எரிந்துகொண்டிருந்தது.

தண்ணீர்க் கணக்கு

இங்கிருந்துதான் வழக்கு திரும்புகிறது.

தீயை அணைக்க இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்தது. துறை மேல் நின்ற வண்டிகள் ஒருபக்கம். ஆற்றுப் பக்கத்தில், அதாவது கப்பலின் இடப்பக்கத்தில், தீயணைப்புப் படகுகள். இந்தப் படகுகளின் பீரங்கிக் குழாய்கள் வாரியடிக்கும் தண்ணீருக்குத் தரையில் நிற்கும் வண்டி ஈடாகாது. மொத்தம் சுமார் 6,000 டன் தண்ணீர் கப்பலுக்குள் போனது. சென்னையில் தெருத்தெருவாக ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டால், 500 லாரி. அவ்வளவும் மேல் தளங்களில், அதுவும் அதிகமாக இடப்பக்கத்தில்.

83,000 டன் கப்பலுக்கு 6,000 டன் ஒரு பாரமா என்று கேட்கலாம். (அந்த 83,000 கொள்ளளவைச் சொல்லும் எண், எடை இல்லை. அது கிடக்கட்டும்.) பிரச்சினை எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதில். ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடங்கள், பெரிதாகத் தளும்பாது. அதே தண்ணீரை ஓர் அகலமான தாம்பாளத்தில் ஊற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். கை லேசாகச் சாய்ந்தால் போதும், தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும். ஓடியதால் இன்னும் சாயும். சாய்ந்ததால் இன்னும் ஓடும். கப்பலின் அடியில் தொட்டியில் அடைத்து வைத்த தண்ணீர் சொம்புத் தண்ணீர். அது கப்பலை நிமிர்த்தி வைக்கும். அகலமான மேல்தளத்தில் அங்குமிங்கும் ஓடும் தண்ணீர் தாம்பாளத் தண்ணீர். கப்பல் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் பாடம் இது.

அதனால் கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. எதிர்ப்பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிச் சமன் செய்யப் பார்த்தார்கள். மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, எந்த வால்வு எங்கே என்று தெரிந்த ஆளும் இல்லை. கொஞ்சம் நேரானதுபோல் தெரிந்தது. அப்புறம் சாய்வு அதிகமாகி, இடப்பக்க ஓரத்தில் திறந்து கிடந்த வாய்கள் ஆற்று மட்டத்துக்கு வந்தன. அதன்பிறகு உள்ளே தண்ணீர் அனுப்பத் தீயணைப்புப் படகு தேவைப்படவில்லை. ஹட்சன் ஆறே போதும்.

யூர்கேவிச் கேட்ட கதவு

இந்த வழக்கில் என்னை விடாமல் துரத்தும் காட்சி ஒன்று உண்டு. யூர்கேவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். தான் வரைந்த கப்பல் எரிகிறது என்று தெரிந்து துறைக்கு ஓடி வந்தார். போலீஸ் வளையம் உள்ளே விடவில்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், ரஷ்ய உச்சரிப்பில், இது என் கப்பல் என்கிறார். போர்க்காலம். காவலரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அவர் சொல்ல வந்த யோசனை இதுதான்: அடியில் உள்ள கடல்நீர் வால்வுகளைத் திறந்துவிடுங்கள். கப்பல் மூழ்கும். ஆனால் எங்கே மூழ்கும்? அடிப்பாகத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் சில அடிதான் இடைவெளி. அந்தச் சில அடி நேராக இறங்கி, சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும். அடியில் தண்ணீர் நிறைந்தால் பாரம் கீழே வரும், சாயாது. பிறகு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் அடியுங்கள். தீ அணைந்ததும் வால்வை மூடி, நீரை இறைத்து, மேலே கொண்டுவரலாம்.

மூன்றாம் கடற்படை மாவட்டத்தின் தலைவர் ரியர் அட்மிரல் அடால்ஃபஸ் ஆண்ட்ரூஸ் அதை ஏற்கவில்லை. ஆண்ட்ரூஸை வில்லனாக்குவது சுலபம். அவர் இடத்தில் நின்று பார்த்தால், ஐந்து நாளில் கிளம்ப வேண்டிய கப்பலைத் தன் கையாலேயே மூழ்கடிக்க உத்தரவிட வேண்டும். போர் தொடங்கி இரண்டு மாதம். நாளைக் காலைச் செய்தித்தாளில் அது எப்படி வரும்? தீ அடங்கிவிட்டது, சாய்வும் சமாளிக்கக்கூடியதுபோலத் தெரிகிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அந்தப் பொறுத்துப் பார்க்கலாம் நள்ளிரவு தாண்டும்வரை நீண்டது. நள்ளிரவு கழிந்து கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். 2:45-க்குக் கப்பல் பக்கவாட்டில், சுமார் 80 பாகைச் சாய்வில் சேற்றில் படுத்தது. பக்கத்தில் நின்ற ஒரு தீயணைப்புப் படகு நசுங்காமல் தப்பியது மயிரிழையில்.

கப்பல் எப்படியும் அடியில் போய்த்தான் சேர்ந்தது. நேராகவா, படுத்தபடியா என்பது மட்டும்தான் மனிதர் கையில் இருந்தது.

இதில் இன்னொரு எரிச்சல். இது முன்னுதாரணம் இல்லாத விபத்து கிடையாது. மூன்று வருடத்துக்கு முன், 1939 ஏப்ரலில், இதே பிரெஞ்சு லைனின் பாரிஸ் என்ற கப்பல் லு ஆவ்ர் துறையில் கட்டியிருந்தபோது தீப்பிடித்தது. தண்ணீர் அடித்தார்கள். மேலே தண்ணீர் சேர்ந்து கப்பல் துறையிலேயே கவிழ்ந்தது. அந்த நேரத்தில் நார்மாண்டி அதே துறைமுகத்தின் டிரை டாக்கில் நின்றது. அது வெளியே வர வழிவிடுவதற்காக, கவிழ்ந்து கிடந்த பாரிஸின் பாய்மரக் கம்பங்களை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு லைன் ஆட்கள் அந்தப் பாடத்தைத் தங்கள் துறைமுகத்திலேயே பார்த்தவர்கள். 1941 டிசம்பர் 12 அன்று கப்பலிலிருந்து இறக்கிவிட்டது அவர்களைத்தான்.

விசாரணையும் வதந்தியும்

நாசவேலை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்காமல் இருந்தால்தான் அதிசயம். கடற்படையும் நாடாளுமன்றக் குழுக்களும் விசாரித்துச் சொன்னது வேறு: நாசவேலைக்கு ஆதாரம் இல்லை, கவனக்குறைவு, விதிமீறல், கப்பலில் இருந்த அமைப்புகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாமை, யார் தலைமை என்ற தெளிவு இல்லாமை, சரியாகத் திட்டமிடாத அவசர வேலை.

பல வருடம் கழித்து, நியூயார்க் மாஃபியாதான் தீ வைத்தது என்று ஒரு கதை கிளம்பியது. சிறையில் இருந்த மாஃபியா தலைவர் லக்கி லூசியானோவை வெளியே கொண்டுவரத் துறைமுகத்தைப் பயமுறுத்தினார்களாம். துறைமுகப் பாதுகாப்புக்காக அதே 1942-இல் கடற்படை உளவுத்துறை மாஃபியாவோடு கைகோத்தது உண்மை. அது பின்னால் நடந்த அரசு விசாரணையில் பதிவானது. ஆனால் தீக்கு அவர்கள்தான் காரணம் என்பதற்கு அவர்கள் தரப்புப் பெருமைப் பேச்சைத் தவிர ஒன்றும் இல்லை. பலர் கண்ணெதிரே, கேஸ் கட்டிங் பொறி பஞ்சில் விழுந்து பற்றிய தீ அது.

என் பார்வையில் அறிக்கையின் கனமான வரி, ‘யார் தலைமை’ என்பதுதான். அன்றைக்குக் கப்பலுக்குச் சொந்தக்காரர் கடற்படை. காவலும் தீ ரோந்தும் கடலோரக் காவல் படை. வேலை ஒப்பந்தக்காரர் கையில். அறுக்கும் இடத்தில் தீக்காவல் ஆள் ஒப்பந்தக்காரருடையவர். லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அடுக்கியது ஒரு கூட்டம், தூணை அறுத்தது வேறு கூட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் செய்யக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? இன்று கப்பல் தளங்களில் ஹாட் வொர்க் பெர்மிட் என்று ஒரு காகிதம் உண்டு. பொறி தெறிக்கும் வேலை எதுவானாலும், சுற்றிலும் எரியும் பொருள் இல்லை, தண்ணீர் வருகிறது, அலாரம் வேலை செய்கிறது என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பலர் அதைச் சம்பிரதாயமாக, டீக்கடையில் வைத்துக் கையெழுத்துப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு இந்தக் கூடம்தான் ஞாபகம் வரும்.

நிமிர்த்திய பிறகு

கப்பலை நிமிர்த்தியது தனிக் கதை; அதில் எல்லோரும் நன்றாகவே வேலை செய்தார்கள். கடற்படையின் மீட்புப் பிரிவுத் தலைவர் வில்லியம் சல்லிவன் மேற்பார்வை. மேல்கட்டுமானம், புகைபோக்கிகள், கம்பங்கள் எல்லாவற்றையும் அறுத்தெடுத்தார்கள். முக்குளிப்போர் இருட்டிலும் சேற்றிலும் தடவித் தடவி நூற்றுக்கணக்கான சன்னல்களையும் ஓட்டைகளையும் அடைத்தார்கள். இதையே பாடசாலையாக்கி, பியர் 88-இல் கடற்படை மீட்புப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் நடந்தது. பிறகு பகுதி பகுதியாகத் தண்ணீரை இறைத்து, 1943 ஆகஸ்ட் முதல் வாரத்தில் கப்பலை நிமிர்த்திவிட்டார்கள். செலவு சுமார் 50 லட்சம் டாலர்.

நிமிர்ந்த கப்பலை விமானம் ஏற்றும் கப்பலாக்கலாமா என்று யோசித்தார்கள். உடலும் இயந்திரமும் ஒன்றரை வருடம் சேற்றில் ஊறியிருந்தன. ஆள் பற்றாக்குறை வேறு. இலவு காத்த கிளி கதையாக, போர் முடியும்வரை சும்மாவே கிடந்தது. 1945 அக்டோபரில் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1946 அக்டோபர் 3 அன்று லிப்செட் என்ற பழைய இரும்பு நிறுவனத்துக்கு 1,61,680 டாலருக்கு விற்றார்கள். கட்டும்போது ஆன செலவு சுமார் 6 கோடி டாலர். நியூ ஜெர்சியின் போர்ட் நியூவர்க்கில் அறுத்து முடிக்க 1948 கடைசி ஆனது.

முன்பே கழற்றி எடுத்த சில பொருட்கள் தப்பின. பெரிய கூடத்தில் ஜான் துப்பா வரைந்த கண்ணாடிச் சுவர் ஓவியத்தின் பகுதிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கூடத்தின் வெண்கலக் கதவுப் பதக்கங்கள் புரூக்ளினில் லெபனான் மாதா பேராலயத்தின் வாசலில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

பிரெஞ்சு லைனுக்கு நார்மாண்டிக்குப் பதிலாகப் போர் இழப்பீட்டில் ஜெர்மனியின் ‘ஐரோப்பா’ என்ற பயணிகள் கப்பல் கிடைத்தது. லிபெர்தே என்று பெயர் மாற்றினார்கள். 1946 டிசம்பரில் லு ஆவ்ரில் ஒரு புயல். கட்டியிருந்த கயிறுகள் அறுந்து லிபெர்தே நகர்ந்தது. 1939-இலிருந்து அகற்றப்படாமல் தண்ணீருக்குள் கிடந்த பாரிஸின் சிதைவில் போய் இடித்தது. அடியில் ஓட்டை விழுந்து, லிபெர்தேயும் மூழ்கியது. ஆனால் சாயாமல், நேராக உட்கார்ந்தபடி மூழ்கியது. சில மாதத்தில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். 1950 ஆகஸ்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க்குக்குக் கிளம்பி, பதினொரு வருடம் ஓடியது.